ஆயுத பூஜையில் அறுந்த சீல்

எந்த ஊரிலும் நான் அதிகநாள் தங்கியதில்லை. மைசூரில் மட்டும், அக்ரஹாரத்துக்குப் பின்னால் இருந்த ஒரு தகரக் கொட்டகையில் சில வருடங்கள் ஓடின. ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை அங்கே தயார் செய்தோம். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் ஓட்டும் ஜூனியர் சாம்பியன்ஷிப்.

அந்தப் போட்டி தொடங்கிய காலத்தில் ரோட்டுக் கார் எஞ்சினை அவரவர் குடைந்து வேகம் கூட்டிக்கொண்டார்கள். எங்கள் மெக்கானிக் அதில் பேர் வாங்கியவர், கெட்ட பேரும் சேர்த்து. தில்லுமுல்லு பெருகியதும் எல்லாருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின் என்றாக்கினார்கள். எஞ்சினுக்குக் கம்பி கட்டி ஈய சீலும் வைத்தார்கள். சீல் அறுந்தால் அந்தச் சுற்றில் புள்ளி கிடையாது.

அந்த வருடம் எங்கள் காரை ஓட்டிய பெண்தான் புள்ளியில் முன்னால் இருந்தாள். எல்லையோர ராமாபுரத்திலிருந்து மைசூர் வந்து கட்டட கான்ட்ராக்ட் எடுக்கிறவரின் மகள். தசரா முடிந்ததும் கோயம்புத்தூரில் கடைசிச் சுற்றுப் போட்டி. ஆயுத பூஜையன்று அவள் அப்பா செவ்வந்தி மாலையைக் கட்டுக்கம்பியால் எஞ்சின்மேல் முறுக்கிக் கட்டினார். சாரத்துக்கும் கலவை மெஷினுக்கும் அப்படித்தான் கட்டுவார். வாடியதும் கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்தார். சீல் கம்பியும் கையோடு வந்துவிட்டது.

“ஏனுங்க மேஸ்திரி, வேற கம்பி போட்டு முறுக்கிப்போடலாமுங்களா?” என்று மெக்கானிக்கைக் கேட்டார்.

“ஈயத்துல நம்பர் இருக்கு சார். பூ கட்டுனதுல அறுந்துச்சுன்னு நான் போய்ச் சொன்னா எவன் நம்புவான்?”

“நானே சொல்றேன்,” என்றாள் பெண். “நீ சும்னிருப்பா,” என்று கன்னடம் கலந்து அப்பாவை அடக்கினாள்.

திம்பம் மலைப்பாதையில் இறங்கிக் கோயம்புத்தூர் போனோம். சோதனை அதிகாரி அறுந்த கம்பியைப் பார்த்தார், பிறகு மெக்கானிக்கைப் பார்த்தார்.

“பூவா? எஞ்சினத் தொறக்க நல்ல நாள் பாத்திருக்கீங்கண்ணா.”

பிரித்து அளந்தார்கள். குறை ஒன்றுமில்லை. ஆனாலும் விதி விதிதான்: ஓட்டலாம், புள்ளி இல்லை.

கடைசி வரிசையிலிருந்து கிளம்பி இரண்டாவதாக வந்தாள். புள்ளி இருந்திருந்தால் அதுவே அவளைச் சாம்பியன் ஆக்கியிருக்கும். நான் பெல்ட்டை அவிழ்த்துவிடப் போனபோது ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னாள்: “அண்ணா, அப்பாவுக்குப் புள்ளிக் கணக்கு புரியாது. சொல்லிக் குடுக்காதீங்க.”

வேலியோரம் நின்றிருந்த அவர் என்னிடம்தான் வந்தார். “சீலு இருந்திருந்தா, இந்த ரெண்டாவது போதுமுங்களா?”

“போதாதுங்க. முதல்ல வந்திருக்கணும்.”

“அப்ப, என்னால போகலீங்களே?”

“இல்லீங்க,” என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைத் தேடிப் போனார்.