மீன் கரை போட்ட மேசை விரிப்பு

நான் தையல் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் பூ என்றால் மூன்று பூதான். ரோஜா, லில்லி, பெயர் தெரியாத ஒரு ஊதாப்பூ. சீமையிலிருந்து வந்த பேட்டர்ன் தாளில் இருப்பதை அப்படியே துணியில் இறக்க வேண்டும். லில்லிப் பூவை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு தைப்பேன். நன்றாகத் தைக்கிறாள் என்று பெயரும் வாங்கினேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. விருதுநகரில் இருந்து சிவகாசிக்குக் கல்யாணமாகி வந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு அச்சாபீசில் மெஷினுக்குத் தாள் கொடுக்கிற வேலை. கலர் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்கு நல்ல தாளைப் பாழாக்க மாட்டார்கள். ஒரு பழைய தாளையே திரும்பத் திரும்ப மெஷினில் விடுவார்கள். அதனால் ஒரே தாளில் தீப்பெட்டிக் கிளியின் மேல் வெடிக்கட்டு லேபிள் விழுந்திருக்கும், அதன் மேல் காலண்டர் குழந்தையின் பாதி முகம் விழுந்திருக்கும். அந்த வேஸ்ட் தாளை இவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஊரில் எல்லோரும் அதை அலமாரியில் விரிப்பார்கள், பிள்ளைகளின் புஸ்தகத்துக்கு அட்டை போடுவார்கள். நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கிளியின் பச்சை மேல் ரோஜா நிறம் விழுந்த இடத்தில் ஒரு புது நிறம் பிறந்திருக்கும். அதை யாரும் நினைத்துப் போட்டதில்லை. அந்த நிறத்துக்கு நூல் கிடைக்குமா என்று கடை கடையாகக் கேட்பேன். கடைக்காரர், "தாளைக் கொண்டுவந்து நூல் கேக்கிற ஒரே ஆள் நீங்கதாம்மா" என்பார்.

தெருவும் எனக்குப் பள்ளிக்கூடந்தான். சாயங்காலம் நாரணாபுரம் பக்கத்து வெடி ஆபீஸ்களில் இருந்து பொம்பளைப்பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். வெடிமருந்து வேலை செய்கிற கையெல்லாம் வெள்ளிப் பொடி படிந்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் மினுங்கும். அந்தக் கையில் சிவப்புக் கண்ணாடி வளையல் போட்டிருப்பார்கள். தாவணியை ஒருத்தி புதுவிதமாகச் செருகினால் மறுவாரம் தெருவே அப்படிச் செருகும். ரவிக்கைக் கைக்குப் பொம்மென்று கொசுவம் வைத்துத் தைக்க எங்கே கற்றார்கள் என்று கேட்டால், "செவத்தைப் பாருங்கக்கா" என்பார்கள்.

சுவர் என்றால், எங்கள் தெரு முனையில் சினிமாப் போஸ்டர் ஒட்டுகிற சுவர். நாங்கள் படம் பார்க்கிறவர்கள் இல்லை. எங்கள் சபையில் கொட்டகைக்குப் போனவர்களை நற்கருணை கொடுக்காமல் நிறுத்திவைத்ததும் உண்டு. நான் இன்றைக்கு வரைக்கும் ஒரு கொட்டகைக்குள்ளும் காலெடுத்து வைத்தது கிடையாது. ஆனால் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரைத் தாண்டித்தானே தண்ணிக்குப் போக வேண்டும்? கண்ணை எங்கே கொண்டு வைப்பது?

அந்தச் சுவரில்தான் அந்த மீனைப் பார்த்தேன். போஸ்டரில் இருந்த பெண்ணின் முகம் எனக்கு மறந்துபோயிற்று. அவள் சேலைக் கரை மறக்கவில்லை. மயில்கழுத்து நிறத்தில் சின்னச் சின்ன மீன்கள், ஒன்றின் வாலை ஒன்று தொட்டுக்கொண்டு கரை முழுக்க ஓடும். படம் கறுப்பு வெள்ளைதான், அந்த நிறத்தைக் கொடுத்தது எங்கள் அச்சாபீஸ் ஆர்ட்டிஸ்ட் என்று இவர் சொன்னார். எனக்கு அது இன்னும் சந்தோஷம். நம் ஊர் நிறம்.

அந்த வருஷம் எங்கள் மூத்தவனுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. மூச்சு விடும்போது அவன் தொண்டையில் கேட்ட சத்தத்தை நான் எழுத மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால்போட்டு, "ஆண்டவரே, இவனை எனக்குத் திருப்பிக் கொடும். உம்முடைய நற்கருணை மேசைக்கு என் கையால் ஒரு விரிப்புத் தைத்து ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வைக்கிறேன்" என்று பொருத்தனை பண்ணினேன். அவன் பிழைத்தான்.

வாக்குக் கொடுத்தது மனுஷருக்கு இல்லை. ஆகவே நான் பார்த்ததில் நல்லதை எல்லாம் எடுத்து அந்தத் துணியில் வைக்க நினைத்தேன். நல்ல லாங்கிளாத் துணி வாங்கினேன். கண் பார்க்காத லில்லியை ஆண்டவருக்கு வைக்க எனக்கு மனசு வரவில்லை. மீன் வைப்போம் என்று தோன்றியது. இரண்டே இரண்டை வைத்து அவர் ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்ட மீன் அல்லவா? அவருடைய மேசைக்கு அதைவிடப் பொருத்தம் வேறு என்ன? நிறம் போஸ்டரின் மயில்கழுத்து. செதிளுக்கு அந்தப் பிள்ளைகளின் கையில் இருந்த வெள்ளிச் சாம்பல் நிறம். மீன்களுக்கு இடையில் ஓடுகிற அலைக்கு, வேஸ்ட் தாளில் தானாகப் பிறந்த அந்த நிறம். சமையல் முடித்துப் பிள்ளைகளுக்குப் போட்ட பிறகு, வாசல் வெளிச்சம் இருக்கிற மட்டும் தைத்தேன்.

இவர் எட்டிப் பார்த்து, "ஏ புள்ள, இது கொளம்பு மீனா, கோயில் மீனா?" என்றார்.

"ஐயாயிரம் பேர் தின்ன மீனு. ஒங்களுக்குக் கிடையாது."

"அம்புட்டுப் பேரு தின்னும் மிச்சம் இருந்துச்சாமே, எனக்கு ஒரு துண்டு குடேன்" என்று சிரித்தார்.

பண்டிகைக்கு முந்தின நாள் கோயிலில் பெண்கள் சங்கத்தார் அலங்காரம் பண்ணிக்கொண்டிருந்தோம். சங்கத் தலைவி எங்கள் சபைப் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர். விரிப்பை அவர்கள் கையில் கொடுத்தேன். பிரித்துப் பார்த்து, "அடேயப்பா, எம்புட்டு நுணுக்கமாத் தச்சிருக்கீக!" என்று சொல்லி மற்றவர்களையும் கூப்பிட்டார்கள். பிறகு கரையைக் கையில் ஏந்தி உற்றுப் பார்த்தார்கள்.

"இது அந்தப் படகுப் பாட்டுல அவ கட்டியிருக்க சேலைக் கரையில்ல?"

படகு என்றதும் எனக்கு ஆண்டவர் படகேறின கலிலேயாக் கடல்தான் ஞாபகத்துக்கு வந்தது. "எந்தப் படகு டீச்சரம்மா?" என்றேன்.

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண், "அக்கா, டீச்சரம்மா படத்தைச் சொல்றாக" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்படியா? நான் செவத்துலதான் பார்த்தேன். நீங்க படமே பார்த்தீகளா டீச்சரம்மா?"

சத்தியமாக நான் குத்திக் கேட்கவில்லை. பாட்டில் அந்தச் சேலை அசையும்போது எப்படி இருந்தது, தலைப்பிலும் மீன் உண்டா என்று கேட்கத்தான் அடுத்து வாயைத் திறந்தேன். அதற்குள் பெரிய டீச்சரின் முகம் சுருங்கிப்போயிற்று. விரிப்பை மடித்து எடுத்துக்கொண்டு நேரே குருவானவரிடம் போனார்கள். நானும் பின்னால் போனேன்.

குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். நல்ல மனுஷர், சாந்தமானவர். "அம்மா, ஒங்க மனசு ஆண்டவருக்குத் தெரியும். ஆனா சபையில யாரும் இடறக் கூடாது பாருங்க. கரையை மட்டும் வெட்டிட்டா?" என்றார்.

"வெட்டினாலும் வந்த எடம் சினிமாதானே ஐயரவர்களே? கூத்தாடி கட்டினதை மேசையில விரிச்சா ஊரு என்ன பேசும்?" என்றார்கள் பெரிய டீச்சர்.

ஐயாயிரம் பேர், இரண்டு மீன் என்று சொல்ல எனக்கு வார்த்தை இருந்தது. நாக்கு வரவில்லை. படித்தவர்கள் முன்னால் எட்டாம் வகுப்பு எப்படி நிற்கும் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். நான் சுற்றிக்கொண்டுபோன வேஸ்ட் தாளிலேயே சுற்றி என் கையில் திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் மேசையில் பழைய ரோஜாப்பூ விரிப்பு. மெழுகுவத்தி பட்டு ஓட்டை விழுந்த இடத்தைப் பூச்சாடியால் மறைத்திருந்தார்கள். நான் என் பையனைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மேசைக்கு முன்னால்தான் முழங்கால்போட்டேன்.

வீட்டில் இவருக்கு ஆத்திரம். "அந்தப் போஸ்டரை அடிச்ச மெஷினுக்குத் தாள் கொடுத்தவன் நான். அந்தக் கூலியிலதான் காணிக்கை போடுறேன். அதையும் மடிச்சுக் கையில குடுக்கச் சொல்லு பார்ப்போம்" என்றார். சில மாசம் கோயிலுக்கு வரவே இல்லை. நான் பிள்ளைகளோடு போனேன். ஆண்டவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவர் பிள்ளையைக் கொடுத்தார்.

கொஞ்ச நாள் கழித்துச் சங்கத்தில் இருந்து சொல்லி அனுப்பினார்கள், திராட்சைக் கொடி போட்டு வேறொன்று தைத்துத் தரட்டும் என்று. நான் மாட்டேன் என்றேன். வாக்குக் கொடுத்த துணி இதுதான். கிழிந்ததைத் தைப்பேன், பாவாடைக்கு ஓரம் மடிப்பேன். பூ வேலைக்கு ஊசி எடுப்பது அதோடு நின்றது.

இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் இவர் ஒரு வேஸ்ட் தாளோடு வந்து என் முன்னால் விரித்தார். "ஏ புள்ள, ஒன் மீனைப் பாரு." ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த நல்ல மேய்ப்பர் படம். சுற்றி நாலு பக்கமும் மீன் கரை. எங்கள் சபையே ஆர்டர் கொடுத்த காலண்டர். அந்தக் கரையை ஆர்ட்டிஸ்ட் வெடி லேபிளுக்கும் போட்டார், ஜவுளிக்கடை விளம்பரத்துக்கும் போட்டார், கடைசியில் மேய்ப்பருக்கும் போட்டுவிட்டார். சபைக் கமிட்டியார் மாதிரித் தாளைப் பார்த்து, பிடித்துத்தான் எடுத்தார்களாம்.

அந்த ஜனவரியில் பெரிய டீச்சர் கால் சுளுக்கி வீட்டில் இருந்தார்கள். வீட்டு ஜெபத்துக்குப் போனோம். முன் அறையில் காலண்டர் தொங்கியது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன அழகு, பார்த்தீகளா? மீனு போட்டிருக்காக. ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்ட மீனு. அர்த்தத்தோட போட்டிருக்காக" என்றார்கள்.

அன்றைக்கு என் நாக்கில் வராமல் நின்ற அதே பேச்சு. மறந்துதான் போனார்களா, மறந்த மாதிரி இருந்தார்களா என்று எனக்கு இன்னும் தெரியாது. "ஆமா டீச்சரம்மா" என்றேன். அந்த மீன்களுக்கு வெறும் மஞ்சள்தான் கொடுத்திருந்தார்கள். செதிளில் வெள்ளி இல்லை. அதையாவது சொல்லியிருக்கலாம். ஜெபத்துக்கு எல்லோரும் தலை குனிந்தார்கள். நானும் குனிந்தேன்.

விரிப்பு தகரப் பெட்டியில் அடியில் இருக்கிறது. ஆண்டவருக்கென்று சொன்னதை வீட்டுக்குப் போட முடியாது. வேறு கோயிலுக்குக் கொடுங்களேன் என்று சொன்னவர்கள் உண்டு. நான் வாக்குக் கொடுத்தது அந்த மேசைக்கு. ஆண்டவர் வாங்கிக்கொண்டதாக எண்ணிக்கொள்ளலாம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அவரிடம் நான் கொடுத்தால்தானே அவர் வாங்குவதற்கு?

மூத்தவன் இப்போது அதே அச்சாபீசில் வேலை பார்க்கிறான். மீசை வைத்த ஆள். வேலை விட்டு வந்து அவன் இருமினால் என் கை முதலில் அந்தப் பெட்டியைத் தொடும். அப்புறந்தான் வெந்நீர் வைக்கப் போவேன்.

"தாள் தூசிம்மா, ஒண்ணுமில்லை" என்பான்.

ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் தொடாமல் போக முடியவில்லை.