பூட்டியைத் தேடி வந்தவர்

கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த மாதம், மட்டக்களப்பில் ஓர் அமெரிக்கருக்கு மொழிபெயர்க்கப் போனேன். அறுபது வயதிருக்கும். கசங்காத வெள்ளைச் சட்டை. எதைத் தொட்டாலும் உடனே வாசனைக் காகிதத்தால் விரல்களைத் துடைப்பார். பிண வாடை போகாத ஊரில் அந்த வாசனைதான் எனக்குக் குமட்டியது.

பள்ளிக்கூடம் நடத்த வந்து, இங்கேயே காய்ச்சலில் இறந்துபோன தன் பூட்டியின் கல்லறையைத் தேடினார். கடற்கரைச் சவக்காலையில் கல் கிடைத்தது. பாதி எழுத்தை ஒரு புது மண்மேடு மூடியிருந்தது. யாருடைய சவக்காலை என்று பார்க்க நேரமில்லாத நாளில் புதைத்த பிள்ளை. தாய் பக்கத்தில் இருந்தாள்.

"இந்த மண்ணைக் கொஞ்சம் தள்ளச் சொல்லுங்கள். படம் எடுக்க வேண்டும்" என்றார்.

சொன்னேன். அவள் கல்லைப் பார்த்தாள்.

"ஆர் இவ?"

"இவர்ட பூட்டி."

"என்ன குடி?"

எங்கள் பக்கம் குடி என்கிற வம்சம் தாய்வழியில்தான் வரும். அதனால் பூட்டியின் தாய் யாரென்று அவரிடம் கேட்டேன். அவர் பூட்டியின் தகப்பன், தகப்பனின் தகப்பன் என்று ஆண்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

"தாய்?"

"அது எனக்குத் தேவைப்படவில்லை" என்று விரலைத் துடைத்தார்.

அதையும் அவளிடம் சொன்னேன்.

"பெத்தவ ஆரெண்டு தெரியாம என்னத்தத் தேடுறாரு? என்ட பிள்ளைர மண்ணைத் தொடவேணாமெண்டு சொல்லுங்க தம்பி."

சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, சப்பாத்துக் காலின் நுனியால் மேட்டைத் தள்ளத் தொடங்கினார். அவள் கையைக் குறுக்கே வைத்தாள். கையோடு சேர்த்தே படம் எடுத்துக்கொண்டார்.

அந்தப் படம் இப்போது அவர் வீட்டுச் சுவரில் தொங்கும். கையை வெட்டிவிட்டுத்தான் மாட்டியிருப்பார்.