நம்பாத வீட்டுக்கு வந்த நர்சம்மா

சர்க்கரை கரைத்த வெந்நீர் ஒரு எவர்சில்வர் டம்ளரில் இருந்தது. எனக்காக நர்சம்மா கலக்கியது. அதை என் வாயருகே அவர் கொண்டுவந்தபோது மாமியார் குறுக்கே கை நீட்டித் தடுத்தார். "மொதல்ல நீ குடி" என்றார். நர்சம்மாவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. டம்ளரைத் தூக்கி அண்ணாந்து, உதட்டில் படாமல் இரண்டு மடக்கு குடித்தார். பிறகு என் தலையைத் தூக்கிப் பிடித்து மிச்சத்தைப் புகட்டினார். பிரசவ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த நானும், அவர் நிஜமாகவே விழுங்கினாரா என்று அவருடைய தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் மாமனார் பெரிய மிராசு. ஆட்சி மாறி, சுவரெல்லாம் கறுப்பும் சிவப்புமாக இருந்த காலம் அது. வயல் வேலை செய்தவர்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் செங்கொடி ஊன்றியிருந்தார்கள். கூட்டித் தருவதில்லை என்று மிராசுகள் ஒன்றாகக் கூடிப் பேசி முடிவெடுத்திருந்தார்கள். அந்தத் தகராறில்தான் எங்கள் பண்ணையைப் பார்த்துக்கொண்ட காரியக்காரரும் அவருடைய ஆட்களும் களத்துமேட்டில் ஒருவரை அடித்துக் காலை ஒடித்தார்கள். அடிபட்டவர் மேலேயே நெல் திருடியதாகக் கேஸும் போடப்பட்டது. அவர் நர்சம்மாவின் கணவர். நர்சம்மா வாய்க்காலுக்கு அக்கரையில் மாதா கோயிலை ஒட்டியிருந்த சிறிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். அங்கே வயல் வேலைக்காரர்கள் குடியிருந்த தெருவிலேயே பிறந்து, கன்னியாஸ்திரீகளிடம் படித்து நர்சானவர். கட்டிலில் கிடந்த கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் அவருடைய சம்பளம் ஒன்றுதான் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அது சம்பா அறுவடை சமயம். வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி அறுக்கப்போகிறார்கள் என்று தெரிந்து, தெருக்காரர்கள் மதகுக்குப் பக்கத்தில் சாலையை மறித்திருந்தார்கள். திருவாரூரிலிருந்து வரவேண்டிய லேடி டாக்டர் அதனால் வர மறுத்துவிட்டார். ஊர் மருத்துவச்சி என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது தன் கைக்கு ஆகாது என்று எழுந்துவிட்டாள். என் கணவர் அப்போது சென்னையில் வேலையில் இருந்தார். வேறு வழியில்லாமல்தான் மாமியார் நர்சம்மாவுக்கு ஆள் அனுப்பினார். அவர் வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. காலை வெயில் ஏறும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்து வந்தார். வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் பயம் அதிகமானது. "கேஸை வாபஸ் வாங்கச் சொல்லத்தான் வந்திருக்கா. இல்லைன்னா வேற எதுக்கோ வந்திருக்கா" என்று மாமனார் கூடத்தில் சொன்னது அறைக்குள் எனக்குக் கேட்டது. நர்சம்மாவுக்கும் கேட்டிருக்கும். அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்து முடித்ததும் வெளியே போய், "பிள்ளை கால் முன்னால இறங்குதுங்க. இங்க வச்சுப் பார்க்கக் கூடாது. திருவாரூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்" என்றார்.

"ரோட்டை மறிச்சிருக்கிறது உங்க ஆளுங்கதானே? கொண்டுபோய் அவங்க கையில குடுக்கப் பாக்கறியா?" என்றார் மாமனார்.

"நான் முன் சீட்டுல உக்கார்ந்து வர்றேங்க. இன்னும் யோசிச்சுக்கிட்டிருந்தா ரெண்டு உயிரும் நிக்காது."

அந்த ரோட்டின் குலுக்கலை நான் தாங்க வேண்டுமென்று கிளம்புவதற்கு முன் ஒரு ஊசி போட வேண்டியிருந்தது. மாமியார் மருந்துப் புட்டியைக் கேட்டு வாங்கினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, என்னிடம் நீட்டினார். நான் படித்தேன். படித்தும் என்ன மருந்தென்று எனக்குத் தெரியவில்லை. "இதை நான் குடிச்சுக் காட்ட முடியாதுங்க, பெரியம்மா" என்றார் நர்சம்மா. கேலியாகச் சொல்லவில்லை. மாமியார் என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டினேன். நம்பி நீட்டினேன் என்று சொல்ல மாட்டேன். வலி நீட்ட வைத்தது.

காரில் மாமனார் வரவில்லை. அவரைப் பார்த்தால் கூட்டம் சும்மா விடாது என்பது அவருக்கே தெரியும். பின் சீட்டில் மாமியார் மடியில் தலை வைத்துக் கிடந்தேன். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் நர்சம்மா. அவருடைய உதடுகள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தன. "என்ன மந்திரம் சொல்றாளோ" என்று மாமியார் என் காதில் சொன்னார். மதகுக்கு அருகே கார் நின்றது. குறுக்கே ஒரு பனங்கட்டையைப் போட்டிருந்தார்கள். ஆண்களும் பெண்களுமாகக் கையில் கதிர் அரிவாள்களோடு நின்றார்கள். நர்சம்மா இறங்கிப் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றபடி அவர்களோடு பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. ஒருவன் காரைக் கைகாட்டி ஏதோ சொன்னான். இன்னொருவன் சிரித்தான். "வித்துட்டா நம்மள" என்றார் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கதவுப் பூட்டின் மேல் கை வைத்துக்கொண்டேன், அதனால் என்ன பயன் என்று தெரியாமலே.

ஓர் இளைஞன் வந்து டிக்கியைத் திறக்கச் சொன்னான். உள்ளே அரிவாளோ ஆளோ இருக்கும் என்பது அவர்களுடைய சந்தேகம். டிரைவர் இறங்கித் திறந்து காட்டினார். ஸ்டெப்னியும் என் துணிமூட்டையும் மட்டும் இருந்தன. நர்சம்மா பின்கதவைத் திறந்து, கூட்டத்திலிருந்த ஒரு வயதான பெண்ணைக் கூப்பிட்டு, "நீயே பாருக்கா" என்றார். அந்த அம்மாள் குனிந்து என்னைப் பார்த்தார். என் புடவை நனைந்திருந்ததைப் பார்த்தார். நிமிர்ந்து, "கட்டையைத் தள்ளுங்கடா" என்றார். கட்டை உருண்டது. கார் கிளம்பும்போது ஒரு குரல் மட்டும் நர்சம்மாவின் பக்கமாக வந்தது. "புருஷன் காலை ஒடிச்சவனுக்குப் பேரப்பிள்ளை எடுத்துக் குடுக்கப் போறியா?" அவருடைய உதடுகள் மறுபடி அசையத் தொடங்கின.

மத்தியானத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் என் மகள் பிறந்தாள். முதலில் அழவில்லை, பிறகு அழுதாள். நர்சம்மாவை உள்ளே யாரும் கூப்பிடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்து, இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டோம் என்று ஆயா சொன்ன பிறகு பஸ் ஏறிப் போய்விட்டாராம்.

இதற்குப் பிறகாவது சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, இடம் மாறியது. நர்சம்மாவின் தெருவில் பெண்கள் பிரசவத்துக்கு அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். மிராசு வீட்டில் என்ன வாங்கினாள் என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்கள். அவருடைய கணவர் அவரோடு பேசுவதையே விட்டுவிட்டார் என்று எங்கள் வீட்டு வேலைக்காரி வந்து சொன்னாள். எங்கள் வீட்டிலோ, நர்சம்மாதான் ஆளைக் கூட்டிக் காரை மறித்தாள் என்று மாமனார் போலீசில் சொல்லிவைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து என்னைக் கேட்டார். மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"அவங்க மறிக்கல. மறிச்சிருந்தவங்களை விலக்கிவிட்டாங்க. அவங்க இல்லைன்னா இந்தப் பிள்ளை இல்ல" என்றேன்.

இன்ஸ்பெக்டர் மாமனாரைப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் யாரோடு பேசுகிறேன், வேலைக்காரியிடம் என்ன சொல்லி அனுப்புகிறேன் என்றெல்லாம் வீட்டில் கவனிக்கத் தொடங்கினார்கள். நம்பப்படாமல் ஒரு வீட்டில் நடமாடுவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நர்சம்மா வேலையை விடவில்லை. தன் கணவரின் காலை ஒடித்த காரியக்காரரின் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் போனபோதும் அவர்தான் போனார். தெருவில் மறுபடி பேச்சு எழுந்தது. ஆனால் பிள்ளைப்பேறு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கூப்பிடுவதை நிறுத்தியிருந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். திருட்டுக் கேஸ் சாட்சி இல்லாமல் தள்ளுபடியானது. அவர் கணவரின் கால் மட்டும் நேராகவே இல்லை.

இப்போது நான் தஞ்சாவூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். அவள் ஒரத்தநாட்டில் மாட்டு வைத்தியம் சொல்லிக்கொடுக்கிறாள். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மாமனார் யார் யார் பேரிலோ எழுதிவைத்த நிலங்களில் பாதியை அந்தப் பேருக்குரியவர்களே எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் பாகப்பிரிவினையில் போயிற்று. கடைசிவரை யாரையும் நம்பாமல் இருந்த மாமனார், அவர்களை மட்டும் எப்படி நம்பினார் என்று தெரியவில்லை. அவர் காலமான பிறகு ஒருமுறை நர்சம்மாவைப் பார்க்கப் போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் கணவரோடு இருந்தார். அவர் கணவர் என்னை யாரென்று தெரிந்துகொண்டார். 'வாங்க' என்று சொல்லவில்லை. ஆனால் கம்பை ஊன்றியபடி ஒரு நாற்காலியை இழுத்துவந்து போட்டுவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.

அத்தனை வருஷமாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். "அன்னைக்கு எதுக்காக வந்தீங்க? கேஸுக்காகன்னு மாமா சொன்னார். உங்க சாமி சொன்னதால வந்தீங்கன்னு ஊர்ல சொன்னாங்க."

நர்சம்மா சொன்னார்: "சாமி சொன்னார்னு இப்ப சொல்லிக்கலாம். உங்களுக்கு வலி எடுத்திருக்குன்னு கேள்விப்பட்டப்ப, வேற யாராவது கிடைச்சிடணும்னுதான் வேண்டிக்கிட்டேன். யாரும் கிடைக்கலைன்னு ஆள் வந்து சொன்னப்ப, போகலைன்னா இனிமே எந்த வீட்டுக்கும் போக எனக்கு யோக்கியதை இல்லைன்னு தோணிச்சு. அதான் வந்தேன்." வாசற்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "உங்க மாமியார் சந்தேகப்பட்டதுல எனக்கு வருத்தமே கிடையாதும்மா. ஊசியில மருந்து ஏத்தும்போது ஒரு நொடி கை நின்னுடுச்சு. கொஞ்சம் கூடப் போனா யாருக்குத் தெரியப்போகுதுன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. களத்துமேட்டுல இவரு கிடந்த கோலம் கண்ணு முன்னால நின்னுச்சு. ஆண்டவரே என் கையைப் பிடிச்சுக்கன்னு சொல்லித்தான் அளவோட நிறுத்தினேன். காருல போற வழியெல்லாம் அந்த நெனப்புக்குத்தான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே வந்தேன்."

வாசற்படியில் இருந்த கணவர் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை நீ எங்கிட்டகூடச் சொல்லலையே" என்றார்.

"நீங்க அப்ப எங்கூடப் பேசலையே" என்றார் நர்சம்மா.