கேடயத்தில் ஒரு முருங்கை

போன வாரம் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். டெக்ஸாஸில் எங்கள் பிளானோவிலிருந்து அவர்கள் ஊரான கேட்டிக்கு நாலு மணி நேர டிரைவ். என் மகள் கயலுக்கும் ஈவனுக்கும் அடுத்த மாதம் கல்யாணம்; அவர்கள்தான் என்னைக் கூட்டிப்போனார்கள்.

ஈவனின் முன்னோர் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள். குடும்பப் பெயரே இரண்டு: டன்ராஸ்-கிளென்வே. ஹால் சுவரில் குடும்பச் சின்னமாக ஒரு கேடயம். ஒரு பாதியில் கலைமான், மறு பாதியில் கோதுமைக் கதிர்கள்.

எதற்கு இரண்டு என்று கேட்டுவிட்டேன். சும்மா இருக்க முடிகிறதா நமக்கு?

ஈவனின் அப்பா உற்சாகமாகச் சொன்னார். டன்ராஸ் வீட்டில் ஆண் வாரிசு இல்லை, ஒரே பெண். 'என்னைக் கட்டிக்கொள்கிறவர் என் அப்பா பெயரையும் சுமக்க வேண்டும்' என்றாளாம். கிளென்வே மாப்பிள்ளை ஒத்துக்கொண்டார். பெயர்கள் சேர்ந்தன; மானும் கதிரும் ஒரே கேடயத்துக்குள் வந்தன.

கயல் அந்தக் கேடயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கயலின் அப்பா செல்வராஜ் தவறி மூன்று வருடமாகிறது. அமெரிக்கா வந்த புதிதில் ஆபீஸில் அவரை 'முத்தையா' என்றுதான் கூப்பிட்டார்கள் — அது என் மாமனார் பெயர்! "எங்கப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்கடி" என்று சிரிப்பார். ஊரில் ஒற்றை எழுத்தாக இருந்த அப்பாக்கள் இங்கே முழுப் பெயராகிவிடுகிறார்கள். அப்படித்தான் இவள் கயல் செல்வராஜ் ஆனாள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஈவன் பெயருக்கு மாறுவதாக இருந்தாள். நான் எப்படித் தடுப்பது? என் அப்பாவின் இனிஷியலை நானும் விட்டுவிட்டு வந்தவள்தானே...

திரும்பும்போது ஈவன் ஓட்டினான். ஃப்ரீவே ஏறியதும் கயல் அவனிடம் ஆங்கிலத்தில் சொன்னாள், அப்பா பெயரை விடப்போவதில்லை என்று. அவன் ஏதோ பதில் சொன்னான். அவள் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, இவனும் அந்தப் பேரை ஆட் பண்ணிக்கறானாம். அப்பாவோட ஷீல்டுல என்ன போடலாம்னு கேக்கறான்."

"முருங்கை மரம்டி. போர்வை போத்தின முருங்கை."

ஒரு பனிக்காலத்தில், கொல்லை முருங்கை பட்டுப்போகக் கூடாதென்று வீட்டுப் போர்வையெல்லாம் அதற்குச் சுற்றினார் அவர். நாங்கள் மூவரும் ஜாக்கெட்டோடு தூங்கினோம். மரம் பிழைத்துவிட்டது!

கயல் அதைச் சொல்லச் சொல்ல, ஈவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"ஆன்ட்டி... செல்-வ-ராஜ். கரெக்ட்?"

"கரெக்ட், கண்ணா."

செல்வராஜ்-டன்ராஸ்-கிளென்வே... பேரப்பிள்ளைகளை ஸ்பெல்லிங் போட்டிக்குத் தனியாகத் தயார் பண்ண வேண்டியதே இல்லை!