கிள்ளான் டியூபின் மேல் ஒரு பிளாஸ்டிக் பை

1. தலைகீழாக ஓடிய கோடு

எங்கள் காற்று ஆய்வு லேபின் தலைவர் டாக்டர் தேவிகா என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினால் விஷயம் சின்னதாக இருக்காது. அன்றைக்கும் சாத்தினார். திரையில் இரண்டு கோடுகள் ஓடின. சிவப்பு, சாட்டலைட் சொன்ன அமோனியா. நீலம், ஊர் ஊராக நான் தொங்கவிடும் டியூப் சொன்னது.

“நளினி, செந்தூல் ஒத்துப் போகுது. அம்பாங், செமினி, பிரிக்பீல்ட்ஸ் எல்லாம் பரவால்ல. கிள்ளான் மட்டும் ஏன் தலைகீழா ஓடுது?”

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். சாட்டலைட் மேலே கடக்கும் அந்த நேரத்தில், மேகம் இல்லாவிட்டால் மட்டும், தரையிலிருந்து வானம் வரை உள்ள அமோனியா முழுவதையும் சேர்த்துப் பார்க்கிறது. அதன் ஒரு பிக்சலுக்குள் கிள்ளான் நகரம் அப்படியே அடங்கிவிடும். என் டியூப் கட்டைவிரல் அளவுதான். உள்ளே அமிலம் தடவிய ஒரு வட்டப் பேப்பர், வாயில் மெல்லிய சவ்வு. இரண்டு வாரம் தொங்கவிட்டால், அந்த இடத்துக் காற்றில் உள்ள அமோனியா பேப்பரில் படியும். இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒன்று ஏறும்போது மற்றதும் ஏற வேண்டும், அவ்வளவுதான். கிள்ளானில் மழை இல்லாத மாதங்களில் சிவப்பு ஏறியது, நீலம் இறங்கியது.

“என் டியூப் பொய் சொல்லாது டாக்டர்,” என்றேன். இருபத்தாறு வருட சர்வீஸ் பேசியது.

“அப்ப கிள்ளான்ல சாட்டலைட்ட நம்ப வேணாம்னு எழுதிடவா? வெள்ளிக்கிழம ரிப்போர்ட் போகணும்.”

“எழுதுங்க லா.”

எழுதும் முன் ரிப்போர்ட்டின் கடைசியில் சேர்க்க, டியூப் தொங்கும் ஒவ்வொரு தளத்துக்கும் புது போட்டோ வேண்டும் என்றார். அதுதான் என்னைக் காப்பாற்றியது.

2. வியாழக்கிழமை

கிள்ளான் தளம் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்க வேலியோரம் இருக்கிறது. ஒன்று விட்டு ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்கு லேப் வேனில் போய் டியூப் மாற்றுவேன். இரண்டு வருடமாக அதே நாள், அதே நேரம். போட்டோ எடுக்கப் போன வியாழக்கிழமை வேன் இல்லை, வீடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பிரிக்பீல்ட்ஸில்தான் என்பதால் காலையிலேயே கொமுட்டர் ரயில் ஏறிவிட்டேன்.

போய்ப் பார்த்தால், டியூப் மாட்டிய என் கம்பத்தின் தலையில் சிவப்பு பிளாஸ்டிக் பை. டியூபோடு சேர்த்து மூடி, கீழே ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருந்தது.

பைக்குள் இருக்கும் டியூபுக்குக் காற்று ஏது?

பள்ளியின் காவலாளி மாணிக்கம் அண்ணன் துடைப்பத்தோடு வந்தார். கொன்ட்ராக்டர் ஆள், பள்ளி வளாகத்திலேயே ஓர் அறையில் தங்கியிருப்பவர். என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

“மேடம், இன்னிக்கு வருவீங்கன்னு சொல்லலயே.”

“யாரு அண்ணே இத மூடுனது?”

“நான்தான் மேடம். பக்கத்துல ரோடு போடுறான்ல, வெயில் அடிச்சா லோரி போயி ஒரே புழுதி. நீங்க அன்னிக்குச் சொன்னீங்களே, சாமான் சுத்தமா இருக்கணும், இல்லன்னா ஸ்கூல் மேல ரிப்போர்ட் பண்ணிடுவேன்னு. அதான் புழுதி நாள்ல மூடி வெச்சிட்டு, நீங்க வர்ற திங்கக்கெழம காலைல மொத வேலையா எடுத்துடுவேன்.”

சொல்லியிருந்தேன். முதல் மாதத்தில் ஒரு நாள், ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டு வந்த கடுப்பில், கம்பத்தில் புழுதியைப் பார்த்ததும் அவர்மேல் எரிந்து விழுந்தேன். வெளியே படியும் புழுதியால் டியூபுக்குப் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. காய்ந்த நாளில்தான் கிள்ளானில் அமோனியா கூடுகிறது, வானமும் தெளிந்து சாட்டலைட்டுக்கு நன்றாகத் தெரிகிறது. அதே நாளில் அவர் என் டியூபின் மூக்கைப் பொத்தியிருக்கிறார், என் பேச்சைக் கேட்டு.

வெட்கமாக இருந்தது. “இனிமே மூடாதீங்க அண்ணே,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

3. காரணம் என்ற கட்டம்

டாக்டர் தேவிகா முழுக்கதையையும் கேட்டுவிட்டு வேகமாகத் தட்டச்சு செய்தார். கிள்ளான் தளம் நீக்கம். காரணம்: பள்ளி ஊழியர் கருவியில் கைவைத்தது.

“டாக்டர், இது ஸ்கூலுக்கும் போகுமா?”

“ஒரு காப்பி போகும். ஏன்?”

“போனா கொன்ட்ராக்டர் அவர அன்னிக்கே அனுப்பிடுவான். அந்த ரூமும் போயிடும்.”

“பாவம்தான். ஆனா நடந்தத தானே எழுதுறேன்.”

“நடந்தது அது இல்ல. நான் தப்பா சொன்னேன், அவரு ஒழுங்கா கேட்டாரு. காரணம்னு என் பேர எழுதுங்க.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “ரெண்டு வருஷ டேட்டா நளினி. உங்க பேருல வரும் லா.”

“வரட்டும்.”

ஓய்வு பெற எனக்கு ஒரு வருடம்கூட இல்லை.

“எத்தன நாள் மூடுனாருன்னாச்சும் கேட்டீங்களா?” என்றார் டாக்டர்.

கேட்கவில்லை. மறுநாள் காலை திரும்பப் போனேன். யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன். மாணிக்கம் அண்ணன் என்னைத் தம் அறை வாசலுக்கு அழைத்துப் போனார். ஒரே ஆணியில் மூன்று வருடத்து மாதக் காலண்டர்கள், இந்த வருடத்துடையதற்குக் கீழே பழைய இரண்டும். கட்டங்களில் நீலப் பேனா வட்டங்கள், பெருக்கல் குறிகள்.

“வட்டம் போட்டது மூடுன நாளு. பெருக்கல், எடுத்த நாளு. எடுக்க மறந்துட்டா நீங்க திட்டுவீங்கன்னு குறிச்சு வெச்சேன் மேடம்.”

ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்தேன்.

வட்டம் விழுந்த நாள்களில் தொங்கிய டியூப்களின் அளவுகளை எல்லாம் கணக்கிலிருந்து தூக்கினோம். பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சியது. அதில் நீலமும் சிவப்பும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. கிள்ளானைப் பற்றி சாட்டலைட் சொன்னது சரி. ரிப்போர்ட் திங்கட்கிழமை போனது. காரணம் என்ற கட்டத்தில், கள அலுவலர் தந்த தவறான அறிவுறுத்தல் என்று இருந்தது. தளப் பதிவேடு பராமரித்தவர் என்ற வரியில் டாக்டர் தாமாகவே மாணிக்கம் அண்ணனின் முழுப்பெயரை எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து அவரிடம் கொடுத்தேன். “என் பேரு எதுக்கு மேடம்?” என்று இரண்டு முறை கேட்டார்.

டியூப் மாட்டக் கற்றுக்கொள்ள அரை நாள் போதும். தளத்துக்குப் போனால், பதினான்கு நாளும் அங்கேயே இருக்கும் ஆளிடம் முதலில் பேசுங்கள். நான் இரண்டு வருடம் அந்தப் பள்ளிக்குப் போனேன். மாணிக்கம் அண்ணனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, யார் இதை மூடியது என்பதுதான்.