ஆறு ஞாயிறுகள்

லிஜாவின் பிடிவாதம் கொஞ்சநஞ்சமல்ல. 2004இல் பிளஸ் டூ முடித்ததும், நர்சிங் படித்தால் கல்ஃபுக்குப் போகலாம் என்று ஊரே ஓதியது. அவளோ விலங்கியல்தான் என்று நின்று, சாதித்தும் விட்டாள். எட்டு வருடம் கழித்துச் சென்னை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து, சொந்த ஊரான கடியபட்டணத்துப் பாறைகளில் ஒட்டிக் கிடக்கும் சிப்பியின் ஆர்.என்.ஏ.வைப் படிக்கப்போவதாகச் சொன்னாள்.

"அவிச்சுத் தின்னுற சிப்பியில என்னத்தட்டி படிக்க?" என்று அம்மா வியாகுலம்மாள் வாயில் கைவைத்தாள்.

"ஜீன்னா வீட்டுல கெடக்குற மொத்தப் பாத்திரம்மா. இன்னைக்கி அடுப்புல எது ஏறியிருக்குன்னு சொல்லுறது ஆர்.என்.ஏ."

நாற்பத்திரண்டு நாள், ஒரு நாள் விடாமல் சிப்பி வேண்டும். அண்ணன் கிளீட்டஸ் கடலில் முங்கிச் சிப்பி எடுக்கிறவன். விடியற்காலையில் எடுத்து ஆறு மணிக்கு வாசலில் கொண்டுவந்து கொடுப்பான். அவள் உடனே உடைத்துத் திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஊரில் யாரும் கடலில் இறங்கக் கூடாது. அது பங்குக் கோயில் கட்டுப்பாடு. "அன்னைக்கி?" என்று அவள் கேட்டபோது, "நான் பாத்துக்கிடுகேன்" என்றான். எப்படி என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் நாற்பத்திரண்டும் கிடைத்தால் போதும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

மறு வருடம் முடிவு வந்தது. சிப்பி திணறும்போது விழிக்கிற ஜீன்கள் சரியாக ஏழு நாளுக்கு ஒருமுறை எகிறின. ஆய்வு வழிகாட்டி ராஜையன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். வாரக் கணக்கில் ஓடும் உயிர்க் கடிகாரம்! கட்டுரை பெரிய இதழ் ஒன்றுக்குப் போனது. அது வந்தால் லிஜாவுக்கு வெளிநாட்டு ஆய்வுப் பணி உறுதி.

இதழ் கேட்டபடி வரைபடத்துக்கு அடியில் தேதிகளை எழுதும்போதுதான் சந்தேகம் தட்டியது. காலண்டரைப் புரட்டினாள். ஆறு ஏற்றமும் ஆறு ஞாயிற்றுக்கிழமை. சிப்பிக்கு ஏது ஞாயிறும் திங்களும்? அப்போதே அண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

"நாயித்துக்கெழம எவன் மக்கா கடல்ல எறங்குவான்? சனியாச்ச அந்திக்கே எடுத்து வாளித் தண்ணியில போட்டு வச்சேன். உசுரோடதான தந்தேன்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லியே."

உண்மைதான். அடுத்த வாரமே ரயிலேறி ஊருக்கு வந்தாள். செவ்வாய் அந்தியில் எடுத்த சிப்பியை அதே வாளியில் போட்டு வைக்கச் சொல்லி, புதன் காலையில் உறைய வைத்தாள். சென்னையில் சோதித்தால் அதே ஜீன்கள், அதே ஏற்றம். கடிகாரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ராத்திரி முழுக்க வாளியில் கிடந்து மூச்சுத் திணறியிருக்கிறது, அவ்வளவுதான்.

"இதை யாரு கண்டுபிடிக்கப் போறா?" என்றார் ராஜையன்.

"நான் கண்டுபிடிச்சாச்சே, சார்."

இரண்டு வாரம் அவர் இழுத்தடித்தார். பிறகு கட்டுரையைத் திரும்பப் பெற்றார். வெளிநாட்டு வேலையும் அதோடு போனது. லிஜா ஒருநாள் முழுக்க அழுதாள். மறுநாள், உதவித்தொகை முடிய ஒரு வருடம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, நைட்ரஜன் குடுவையைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஊருக்குக் கிளம்பினாள்.

கிளீட்டஸ் குற்ற உணர்ச்சியில் குறுகிப்போயிருந்தான். "இந்தத் தடவ நாயித்துக்கெழமயும் முங்குகேன். பங்குக் கமிட்டிக்காரன் என்ன வேணும்னாலும் செய்யட்டு."

"ஒண்ணும் வேண்டாம். ஊர்ல தலைகுனிஞ்சு நிக்கப்போறது நீதான். இல்லாத நாளு இல்லாததாவே இருக்கட்டும்."

முப்பத்தாறு நாள் சிப்பி எடுத்தார்கள். அதில் கடிகாரம் எதுவும் தென்படவில்லை. தண்ணீர் சூடேறும் நாட்களில் எந்த ஜீன் முந்திக்கொள்கிறது என்பது மட்டும் சுத்தமாகத் தெரிந்தது. சின்னக் கண்டுபிடிப்புதான். ஆனால் வாளியில் பிறந்ததல்ல, கடலுடையது.

2016இல் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர் வரைபடத்தில் விரலை வைத்து, ஏழு நாளுக்கு ஒன்றாக இருந்த ஆறு காலி இடங்களைக் காட்டினார். "இந்த நாளெல்லாம் என்னம்மா ஆச்சு? மெஷின் கெட்டுப்போச்சா?"

பின்வரிசையிலிருந்த ராஜையன் தலையைக் குனிந்துகொண்டார். லிஜா நிமிர்ந்து நின்றாள்.

"இல்ல சார். அன்னைக்கு எங்க ஊர்ல யாரும் கடலுக்குப் போக மாட்டோம்."