புகைப் பரிசோதனைக்குப் போன இத்தாலிய ஸ்கூட்டர்

இரண்டாம் தடவையும் என் ஸ்கூட்டர் புகைப் பரிசோதனையில் தோற்றது ஒரு செவ்வாய்க்கிழமை. பரிசோதனை நிலையத்தில் இருந்தவர் அளவுக் குழாயைப் புகைக்குழாயிலிருந்து இழுத்தெடுத்து நுனியைத் துணியால் துடைத்தார். துணி கறுத்துப்போனது.

"தங்கச்சி, இது ஓடுற வண்டியோ, நுளம்புக்குப் புகை அடிக்கிற மெசினோ?" என்று கேட்டார்.

வரிசையில் நின்ற முச்சக்கரவண்டிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். கையில் தந்த தாளைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என் வாகன அனுமதிப்பத்திரம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புகைச் சான்றிதழ் இல்லாமல் புதியது தரமாட்டார்கள். அதற்குள் தேறாவிட்டால் ஸ்கூட்டரை விற்றுவிடுவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அம்மாவின் பக்கத்தில் நியாயம் இருந்தது. கடற்கரையோரம் சல்லி என்ற ஊரில் எங்கள் வீட்டு வளவு முழுக்க அவர் கருவாடு காயப்போடுகிறார். காலையில் நான் வண்டியை உதைத்துக் கிளப்பினால் நீலப் புகை நேரே பாய்களின் மேல் படியும். வழக்கமாக வாங்குகிற கிண்ணியா வியாபாரி ஒருநாள் ஒரு துண்டை மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, கருவாட்டுக்கு உப்புப் போட்டாக் காணும். ஒயில் என்னத்துக்கு?" என்றாராம். அம்மா அதை என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

வாங்கவும் ஆள் தயாராக நின்றது. நிலாவெளிப் பக்கம் விடுதி கட்டுகிற ஒருவர். எஞ்சினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பூச்சாடி வைத்து, வாசலில் நிறுத்தப்போவதாகச் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

அந்த ஸ்கூட்டர் பாலையூற்றில் ஓய்வுபெற்ற தாதி ஒருவரின் கொட்டிலில் நெடுங்காலம் நின்றது. கப்பலில் வேலை செய்த அவருடைய கணவர் இத்தாலியிலிருந்து கொண்டுவந்து துறைமுகத்தில் இறக்கிய வண்டி. இலக்கத் தகட்டின் நடுவில் பழைய காலத்து வண்டிகளுக்குப் போடுகிற ஸ்ரீ எழுத்து இருக்கும். இந்த மாவட்டத்தில் இதுபோல் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. வாங்கப் போனபோது அந்தத் தாதி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஓடுவீங்களோ, வச்சுப் பார்ப்பீங்களோ?" ஓடுவேன் என்றேன். உள்ளே போய் ஒரு பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்தார். அதற்குள் உதிரிப்பாகங்களும் வண்டியோடு வந்த கைநூலும் இருந்தன. அந்தப் பேணிக்காக அவரை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

கைநூல் முழுக்க இத்தாலிய மொழி. போனில் படம் பிடித்து, சொல் சொல்லாகத் தேடி, தமிழில் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு அதுவும் வராது. எங்கள் ஒழுங்கையில் யாரும் படிக்காத ஒரு பாஷையில் யாரும் கேள்விப்படாத ஒரு வண்டியைப் பற்றிப் படிக்கிறேன் என்ற பெருமை எனக்கு நிறையவே இருந்தது. அதை நான் மறைக்கவும் இல்லை.

பெற்றோலோடு ஒயிலைக் கலந்து ஊற்றவேண்டிய எஞ்சின் அது. ஐம்பது பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில் என்று கைநூல் சொன்னது. நான் சீனன்குடாவில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். அளப்பது என் தொழில். அளவுச் சாடியில் பார்த்துத்தான் கலப்பேன். அப்படியிருந்தும் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிற ஒவ்வொரு நாளும் அது சட்டியின் அடிபோலக் கறுத்திருந்தது. பால்தேநீர் நிறத்தில் இருக்கவேண்டும் என்பது கைநூல். கறுப்பென்றால் பெற்றோல் கூடுகிறது என்று முடிவு செய்தேன். காபரேட்டரில் பெற்றோல் வருகிற பித்தளை ஜெற்றைக் கழற்றி, பேணியில் இருந்ததில் துளை சிறியதாக ஒன்றைப் போட்டேன். புகை குறையவில்லை. இன்னும் சிறியதைப் போட்டேன். அதற்குப் பிறகுதான் இரண்டாம் தோல்வி.

அடுத்த நாள் தாங்கியிலிருந்து கொஞ்சம் பெற்றோலை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பெற்றோல் நிலையத்தில் ஏதோ கலக்கிறார்கள் என்பதுதான் என் சந்தேகம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான் ஊற்றுகிற ஒயில் சிவப்பு. போத்தலில் இருந்ததோ சிவப்பும் அல்லாத பச்சையும் அல்லாத ஓர் அழுக்கு நிறம். அளந்தெடுத்து ஆவியாக்கிப் பார்த்தேன். அடியில் தங்கிய ஒயில், நான் கலந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

பச்சை ஒயிலை எனக்குத் தெரியும். அது அப்பாவின் போட் எஞ்சினுக்கு ஊற்றுவது.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம்தான் கேட்டேன். கருவாட்டைப் புரட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "கொப்பா கடலால வந்தவுடன முகம் கழுவுறாரோ இல்லையோ, உன்ர வண்டிச் சீற்றைத் தூக்கி ஒரு மூடி வார்த்துப்போட்டுத்தான் தேத்தண்ணிக்கு வருவார். கோயிலுக்கு விளக்குக்கு எண்ணெய் விடுற மாதிரி. உனக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருப்பேன்.

அப்பா வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். போத்தலை அவர் முன்னால் நீட்டினேன்.

"நீங்களோ ஊத்தினீங்கள்?"

"ஓம். நான்தான் ஊத்தினனான். நீ விடுறது காணாது, பிள்ளை. குருவி குடிக்கிற அளவு."

"புத்தகத்தில இருக்கிற அளவைத்தான் நான் விடுறன். உங்களுக்கு இதைப் பற்றி என்ன தெரியும்?"

அப்பா ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போனார். அம்மாதான் பேசினார். "இந்த வாய்க்குத்தானோ உன்னைப் படிப்பிச்சது?"

பிறகு அம்மா சொல்லித்தான் முழுக்கதையும் எனக்குத் தெரியவந்தது. நான் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அப்பாவின் போட்டில் ஒயில் குறைந்து எஞ்சின் இறுகிப்போய்விட்டது. கரை தெரியாத இடத்தில் ஒன்றரை நாள் மிதந்திருக்கிறார். வேறொரு போட் கண்டு இழுத்துவந்ததாம். சீனன்குடா வீதியில் காட்டோரமாக நான் தனியே நிற்கும்படி ஆகிவிடக்கூடாது என்பதுதான் அந்த ஒரு மூடி. எங்கள் கரையில் எல்லோரும் அப்படித்தான். அளவுக்கு மேல் ஒரு கை விடுவார்கள். போட் புகைத்தால் கடலில் யாரும் கேட்பதில்லை.

அனுமதிப்பத்திரம் முடிய ஐந்து நாள் இருந்தது. சனிக்கிழமை வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து எஞ்சினைத் திறந்தேன். கரியைச் சுரண்டுவதுதான் நோக்கம். சிலிண்டரை உருவியதும் பிஸ்டனைப் பார்த்து அப்படியே இருந்துவிட்டேன். புகை வெளியேறுகிற பக்கம் வெந்து பழுப்பேறியிருந்தது. அது நான் செய்த வேலை. ஜெற்றைச் சிறிதாக்கச் சிறிதாக்க எஞ்சினுக்குப் பெற்றோல் போதாமல் போயிருக்கிறது. போதாவிட்டால் சூடேறும். சூடேறினால் பிஸ்டன் சுவரில் உரசி இறுகும். கைநூலில் அது நாற்பதாம் பக்கத்தில் இருந்தது. நான் முப்பத்தெட்டோடு நிறுத்தியிருந்தேன். ஆனால் பிஸ்டனில் ஒரு கீறல்கூட இல்லை. கையில் தடித்த ஒயில் வழுவழுத்தது.

அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் மூன்று நாளாக ஸ்கூட்டர் பக்கமே வரவில்லை. வந்து எட்ட நின்றார்.

"இதைப் பாருங்கோ அப்பா. நான் காபரேட்டரைப் பிழையாச் செய்துபோட்டன். இது இறுகியிருக்கவேணும். நீங்கள் ஊத்தின ஒயில்தான் காப்பாத்தினது."

அவர் குந்தியிருந்து பிஸ்டனைச் சுற்றிவர விரலால் தடவினார்.

"கீறி வெட்டேல்ல," என்றார்.

"ஓம். வெட்டேல்ல."

"அப்ப ஆர்ர பிழை?"

"ரெண்டு பேரின்ரயும்."

"உன்ரதுதான் பெரிசு," என்றார். அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தது கேட்டது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் விழுத்தாததுபோல், "பழையபடி பெரிய ஓட்டையைப் போட்டால் ஒயில் எவ்வளவு?" என்று கேட்டார். கொப்பியை எடுத்து அந்தப் பந்தியை வாசித்தேன். "இன்னொருக்கா வாசி," என்றார். வாசித்தேன். ஐம்பது பங்கு என்பதை ஐம்பது தேநீர்க் குவளையாக வைத்துக் கணக்குப் பார்த்தார். மூன்றாம் தரமும் வாசிக்கச் சொல்லிவிட்டு எழும்பினார். கொட்டிலுக்குள் இருந்த பச்சை ஒயில் போத்தலை எடுத்துக்கொண்டுபோய்ப் போட்டில் வைத்துவிட்டு வந்தார். கடலில் இத்தனை வருடமாக நம்பிவந்த பழக்கத்தை என் வாசிப்பை நம்பி அவர் விட்டார். அன்றைக்கு நான் பெற்றுக்கொண்டது எந்தச் சான்றிதழிலும் வராது.

கரியைச் சுரண்டி, கைநூல் சொன்ன ஜெற்றைப் போட்டு, தாங்கியைக் கழுவிப் புதிதாகக் கலந்து ஊற்றினேன். திங்கள் காலை வண்டி இரண்டாம் உதையில் கிளம்பியது. அம்மா பாய்களைப் பார்த்தார், புகைக்குழாயைப் பார்த்தார், திரும்பிப் போய்க் கருவாட்டைப் புரட்டினார். அவரிடமிருந்து அது பெரிய விஷயம்.

பரிசோதனைக்கு அப்பாவும் வருவதாகச் சொன்னார். நல்ல சேட் போட்டுக்கொண்டு பின்சீற்றில் ஏறினார். உப்புவெளி தாண்டும்வரை எஞ்சின் சத்தத்தைத் தவிர அவர் வேறெதையும் கேட்கவில்லை. நான் கேட்டதற்கெல்லாம் "பேசாமல் ஓடு" என்பதுதான் பதில்.

நிலையத்தில் அதே ஆள். குழாயைச் செருகினார். திரையில் எண்கள் ஏறின, நின்றன, இறங்கின. அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தாள் வெளியே வந்தது.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"பாஸ் அப்பா."

"எத்தினை புள்ளி?"

பரிசோதகர் சிரித்தார். "ஐயா, இதில புள்ளி குறையக் குறையத்தான் நல்லது."

"அதென்ன சோதினை அது," என்றார் அப்பா. ஆனால் தாளை வாங்கி மடித்துத் தன் சேட் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து பிரதேச செயலகத்துக்குப் போனோம். அப்பா உள்ளே வரவில்லை. வண்டிக்குக் காவல் நிற்பதாகச் சொன்னார். புதிய அனுமதிப்பத்திரத்தோடு வெளியே வந்தபோது ஸ்கூட்டரைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்றார்கள். நடுவில் அப்பா.

"இது ஜேர்மன்காரன் செய்த சாமான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "அவன்ர பாஷையில உள்ள புத்தகத்தை வாசிச்சு என்ர மகள்தான் முழுக்கக் கழட்டிப் பூட்டினவ. ஆரும் காட்டிக் குடுக்கேல்ல."

ஒருவர் என்னைப் பார்த்து, "ஜேர்மனோ?" என்று கேட்டார்.

"அப்பா சொன்னால் சரி," என்றேன்.

வண்டியைக் கிளப்பினேன். அப்பா எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, அவசரப்படாமல் பின்சீற்றில் ஏறி இருந்தார்.